பிள்ளைகள் ஆணி அடிக்கும்போது விரல் நசுங்காமல் இருக்க

ஆணியை விரலால் பிடிக்காமல் காட்போட் மட்டையில் குத்திப் பிடிக்கக் கொடுங்கள். இரண்டு விரல் அகலம், ஆறு அங்குல நீளம் போதும். ஒரு நுனியில் ஆணியைக் குத்தி, மறு நுனியைப் பிள்ளை பிடித்துக்கொண்டு அடிக்கட்டும். ஆணி மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் மட்டையைக் கிழித்து எடுத்துவிட்டு மிச்சத்தை அடிக்கலாம்.

சுத்தியல் வழுக்கினாலும் விரல் அரை அடி தள்ளி இருக்கும். மட்டை ஆணியைச் சாயவும் விடாது. பிள்ளைகள் அடிக்கும் ஆணி வளைவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம்.

பலகை ஓரத்தில் அடிப்பதென்றால், முதலில் ஆணியைத் தலைகீழாகக் கல்லில் நிறுத்தி, கூர் மேல் ஒரு தட்டுத் தட்டி மழுக்குங்கள். இதைப் பெரியவர்தான் செய்ய வேண்டும். கூர் ஆணி ஆப்புப் போல நாரைப் பிளக்கும். மழுங்கியது நாரை நசுக்கிக்கொண்டு இறங்கும், பலகை வெடிக்காது.

பொதி கட்டி வந்த பைன் மரப் பலகை, ஒன்றரை அங்குல ஆணி என்றால் இது நன்றாகச் சரிவரும். பலகையில் 'எம்.பி.' (MB) முத்திரை இருந்தால் தொடவே வேண்டாம், அது நச்சுப் புகை ஊட்டியது, 'எச்.டி.' (HT) என்றால் சூடு காட்டியது, எடுக்கலாம்.

இலங்கை வன்னியில் வீட்டு மூலையில் கிடக்கும் பாலை, முதிரை மரத் துண்டுகளுக்கு இந்த வழி உதவாது. ட்ரில்லால் துளை போடாமல் அவற்றில் ஆணி இறங்காது. பனஞ்சிலாகையையும் (பனை மரச் சட்டம்) சின்னக் கைகளுக்குக் கொடுக்காதீர்கள், அதன் சிராய் ஆழமாக ஏறும். அரை அங்குலக் குட்டி ஆணிக்கு மட்டை தடிப்பு. அதற்கு உடுப்புக் கிளிப்தான் வசதி.