தகரம் தந்தவரும் கையெழுத்துப் போட்டவரும்: அரசியலை எடைபோடும்போது மலையகத்தில் நாம் விடும் பிழைகள்

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனுக்கு ஒரு லொறி கூரைத் தகரம் வந்தது. காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக் களத்தில் இறக்கி, பட்டியலை வாசித்தார்கள். மழை வந்தால் வாளி வைத்துப் படுக்கிற வீட்டுக்குப் பேர் இல்லை. போன வருசம்தான் கூரை மாற்றிய வீட்டுக்கு இருந்தது. சத்தம் கிளம்பியது. ஆனால் தகரத்தை அனுப்பிய அரசியல் தலைவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஐயா நல்ல மனுசன்தாங்க, நடுவுல இருக்குற ஆளுங்கதான் கெடுக்குறாங்க" என்று சொல்லிக்கொண்டே கலைந்தார்கள்.

நாம் விடும் பிழைகளுக்கெல்லாம் தாய்ப்பிழை இதுதான். ஐயா நல்லவரா கெட்டவரா என்றுதான் எழுபது வருசமாக விசாரிக்கிறோம். யாருக்குத் தகரம், யாருக்கு இல்லை என்று தீர்மானிக்கும் உரிமை ஏன் ஒருவர் கையில் இருக்கிறது என்று விசாரிப்பதில்லை. 1986இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் புக்கானன் என்ற அமெரிக்கர் வாழ்நாளெல்லாம் வலியுறுத்தியது ஏறக்குறைய இதைத்தான்: கடை நடத்துகிறவன் தன் லாபத்தைப் பார்ப்பான் என்று நமக்குத் தெரியும், அவனே பதவிக்கு வந்தால் மட்டும் எப்படி முனிவராகிவிடுவான்? கொழுந்து நிறுக்கிற தராசை நம் பெண்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? நிறுப்பவர் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் கண் முள்ளில்தான் இருக்கும். அது சித்தப்பாவை அவமதிப்பது அல்ல.

அடுத்தது, தேர்தலில் வென்று வந்த அரசாங்கம் சட்டப்படி செய்தால் அது நியாயமாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு. இதை வேறு யார் நம்பினாலும் நாம் நம்பக்கூடாது. 1947 தேர்தலில் நம் பாட்டன்மார் வாக்களித்தார்கள். தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் போனார். அடுத்த வருசமே, இந்திய வம்சாவளியினரான நம்மில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கிய 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அதே பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. துப்பாக்கியோடு யாரும் வரவில்லை. எல்லாம் முறைப்படி வாசிக்கப்பட்டு, கை தூக்கப்பட்டு, கையெழுத்தாகி நடந்தது. 1964இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். கூட்டில் கோழி எண்ணுகிற மாதிரி எண்ணினார்கள். எண்ணப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. நாடற்றவர்களாக மிஞ்சியவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க 2003 வரை சட்டம் போட வேண்டியிருந்தது. எனவே பெரும்பான்மை கை தூக்கியதா என்பதோடு கேள்வி முடியவில்லை. எத்தனை கை தூக்கினாலும் தொடக்கூடாதது என்று ஏதாவது இருந்ததா என்பதையும் கேட்க வேண்டும். 1948இல் அப்படி ஒரு பிரிவு அரசியலமைப்பில் எழுத்தில் இருந்தது, ஆனால் அது நம்மைக் காக்கவில்லை.

"அது பழைய கதை" என்பவர்களுக்கு 2021 இருக்கிறது. கோட்டாபய ராஜபக்ஷ 2019இல் ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டு வென்றபோது பத்து வருசத்தில் இயற்கைப் பசளைக்கு மாறுவோம் என்றார். 2021 மே மாதம் ஒரே வர்த்தமானி அறிவித்தலில் இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது. நுவரெலியா மாவட்டத்தில் பெரும்பாலானவர்கள் அவருக்கு வாக்களிக்கவில்லை. அதற்காகத் தடை நம் மலையை விட்டுவிட்டுப் போகவில்லை. தேயிலை மற்றப் பயிர் மாதிரி இல்லை. வாரத்துக்கு வாரம் கொழுந்தை ஒடித்துக்கொண்டே இருக்கிறோம், மண்ணில் ஒடித்த அளவுக்குத் திருப்பிப் போட வேண்டும். போடாவிட்டால் இலை சுருங்கும், கொழுந்து வரும் சுற்று நீளும். மலையில் இலை இல்லை. ஆனால் முழுப்பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, கேட்கிற கிலோ குறையவில்லை. அரைப்பேர் போட்டுவிட்டுப் போனார்கள். நவம்பரில் தடையை நீக்கினார்கள், அரைப்பேர் போட்ட நாட்களை யாரும் திருப்பித் தரவில்லை. இயற்கைப் பசளை நல்லதா கெட்டதா என்பது தனி வாதம், நான் அதற்குள் போகவில்லை. ஒரு மனிதரின் கையெழுத்து ஒரே இரவில் ஒவ்வொரு தோட்டத்துக்குள்ளும் நுழைய முடிந்தது என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. அந்தப் பேனாவை உங்களுக்குப் பிடித்த தலைவரிடம் கொடுக்க ஆசைப்படுமுன், அவருக்கு அடுத்து அதை எடுக்கப்போகிறவரை நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்னவுடன் பொடியன்கள் சிலர், "அப்ப எல்லாரும் கள்ளனுங்கதானே அண்ணே, ஓட்டு எதுக்கு?" என்பார்கள். இது எதிர்ப்பக்கப் பிழை. நம்பாமை வேறு, கைகழுவுவது வேறு. வாக்குக்குப் பலமே இல்லையென்றால் 1949இல் அதை ஏன் பறித்தார்கள்? 1982 டிசம்பரில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன, சம்மதமென்றால் விளக்குச் சின்னம், இல்லையென்றால் பானைச் சின்னம் என்று ஒரு சர்வஜன வாக்கெடுப்பு வைத்து, 1977இல் தெரிவான பாராளுமன்றத்தையே இன்னும் ஆறு வருசம் இழுத்தார். பொதுத் தேர்தலுக்குப் போகத் துணிவு இருந்தால் போயிருப்பார். 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பணமில்லை என்றார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6இல். மத்திய மாகாண சபைக்கு 2013க்குப் பிறகு தேர்தலே இல்லை. வாக்கு யாரையும் நல்லவராக்காது. ஆனால் போக மாட்டேன் என்கிறவரை அனுப்புகிற வேலையை அதுதான் செய்கிறது.

"நாங்க வரியா கட்டுறோம்?" என்பதையும் விட்டுவிடுங்கள். 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம். சவர்க்காரம் வாங்குகிற ஒவ்வொருவரும் கட்டுகிறார்கள். தகரத்தில் ஐயாவின் படம் ஒட்டியிருந்தாலும் வாங்கிய பணம் அவருடையது அல்ல. என்ன விலைக்கு, யாரிடம் வாங்கினார்கள் என்று கேட்க 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. எழுதிக் கொடுத்தால் பதினான்கு வேலை நாட்களுக்குள் கொடுக்கிறோமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

சம்பள விசயத்தில் வேறு மாதிரிப் பிழை. 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் நாளுக்கு 1,700 ரூபாய் என்றார் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜனாதிபதித் தேர்தல் நடந்த செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்தது 1,350. மேடையில் சொன்னதற்கும் கையில் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். எனக்கு அதைவிட முக்கியம் வேறொன்று. ஒரு நாளுக்கு எவ்வளவு என்பதை வர்த்தமானி எழுதலாம். மாதத்தில் எத்தனை நாள் வேலை, ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்பதை தோட்டத்தை நிர்வகிக்கிற துரைதான் எழுதுகிறார். தொகை கூடிய மாதத்தில் நாள் குறைந்தால், அறிவித்தவர் கைதட்டு வாங்கியது மட்டும் மிச்சம். தொழிற்சங்கத் தலைவரும் அமைச்சரும் ஒரே ஆளாக இருந்தபோது இதை யாரிடம் போய்ச் சொல்வது? அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவரே அரசாங்கத்துக்குள் உட்கார்ந்திருந்தார். 1978இல் தொண்டமான் அமைச்சரானதிலிருந்து நாம் அதைப் பெருமையாகவே நினைத்துப் பழகிவிட்டோம். சந்தா மட்டும் சம்பளத்திலேயே பிடிபட்டுவிடுகிறது.

கடைசியாக, கொழும்பில் சந்தைப் பொருளாதாரம் பேசுகிற நண்பர்கள் விடும் பிழை. அரசாங்கம் விலகிக் கம்பனி வந்தால் சுதந்திரம் தானாக வரும் என்கிறார்கள். இந்தத் தோட்டங்கள் பிறந்ததே அரசாங்கத்தின் கையால்தான். 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம் இல்லாமல் கோப்பிக்கு இவ்வளவு மலை கிடைத்திருக்காது. 1975இல் தேசியமயம், 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகம். இன்றும் நிலம் அரசாங்கத்துடையது, கம்பனிக்குக் குத்தகை. இத்தனை கைமாறியதில் லயத்து வரிசை வீட்டுக் காம்பராவில் படுக்கிறவர் கைக்கு உறுதிப்பத்திரம் வரவேயில்லை.

என் அம்மாயி, தோட்டம் அரசாங்கத்திடம் இருந்த காலத்தில், பின்பக்கச் சுவரில் ஒரு கதவு வைக்க அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்தார். குசினிப் புகை வெளியே போக வேறு வழியில்லை. "மேல கேக்கணும்" என்றார் துரை. கம்பனி வந்தபிறகு புதுத் துரையிடம் மறுபடி கொடுத்தார். அவரும் மேலே கேட்க வேண்டும் என்றார். கதவுக்கென்று வாங்கிய பலகை இரண்டும் இன்னும் அடுப்புக்கு மேலே பரணில் கிடக்கின்றன, கறுத்துப்போய்.