மார்புப் புற்றுநோய் றிப்போட்டில் ஈஆர் வரியைப் பார்ப்பது எப்படி

முள்ளியவளைத் தங்கச்சி ஒருத்தியின் றிப்போட்டில் ஈஆர் 8/8 என்று இருந்தது. எட்டாம் ஸ்டேஜ் என்று நினைத்து விடியவிடிய அழுதிருக்கிறாள். ஸ்டேஜ் நாலுக்கு மேல் கிடையாது பிள்ளை. ஈஆர் என்ற புரதம் இருக்கும் கலங்களில் ஆய்வுகூடத்தில் நிறம் ஏற்றிப் பார்ப்பார்கள். எத்தனை கலங்களில் நிறம் ஏறியது, எவ்வளவு கடுமையாக ஏறியது என்று கூட்டிப் போடும் புள்ளி அது. எட்டு என்றால் தமொக்சிபென் போன்ற ஹோர்மோன் குளிசைக்கு நன்றாகக் கேட்கக்கூடிய வகை.

கிளிநொச்சியில் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். கிளினிக் கொப்பியோடு வருபவர்களிடம் ஈஆர், பீஆர், ஹேர்-2 என்ற மூன்றையும்தான் முதலில் தேடச் சொல்வேன். மருந்து பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான்.

ஈஆர் என்பது ஈஸ்திரோஜன் என்ற பெண் ஹோர்மோனின் வாங்கி. கலத்தின் கருவுக்குள் இருக்கும் புரதம். ஈஸ்திரோஜன் வந்து ஒட்டினால் இது டிஎன்ஏயில் போய் அமர்ந்து, கலம் பெருகுவதற்கான பரம்பரையலகுகளை இயக்கிவிடும். இப்படியானவற்றைப் பிரதியெடுப்புக் காரணிகள் என்பார்கள். ஈஆர் தனியே இதைச் செய்வதில்லை. இறுகிக் கிடக்கும் டிஎன்ஏயைத் தளர்த்தி இடம்விடுவது ஃபொக்ஸ்ஏ1 என்ற இன்னொரு காரணி. கேட்டா3 என்ற காரணியும் கூட நிற்கும்.

நூற்றில் ஒரு கலத்தின் கருவிலாவது நிறம் ஏறினால் ஈஆர் பொசிட்டிவ். 1 முதல் 10 வீதம் வரை என்றால் குளிசையால் எவ்வளவு பலன் என்று டொக்டரிடம் கட்டாயம் கேளுங்கோ. பீஆரையும், அதாவது புரொஜெஸ்தரோன் என்ற ஹோர்மோனின் வாங்கியையும், பாருங்கோ. அதை உண்டாக்க வைப்பதே ஈஆர்தான். பீஆர் இருந்தால் ஈஆர் உண்மையில் வேலை செய்கிறது என்று எடுக்கலாம்.

தமொக்சிபென் ஈஸ்திரோஜனின் இடத்தில் தான் போய் இருந்துகொள்ளும். வழக்கமாக நாளுக்கு 20 மில்லிகிராம், குறைந்தது 5 வருடம். மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல் கொடுப்பதுண்டு, அது ஈஸ்திரோஜன் உருவாவதையே குறைக்கும்.

ஹேர்-2 கலம் பெருகத் தூண்டும் இன்னொரு வாங்கி. அது கருவுக்குள் இல்லை, கலத்தின் மேற்பரப்பில். 3+ பொசிட்டிவ். 2+ என்றால் முடிவாகவில்லை, ஹேர்-2 பரம்பரையலகின் பிரதிகளை எண்ணும் ஃபிஷ் பரிசோதனை வேண்டும், அதன் முடிவைக் கேட்டு வாங்குங்கோ. மூன்றும் நெகட்டிவ் என்றால் தமொக்சிபென் உதவாது. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தந்ததை எனக்கேன் தரவில்லை என்று மனம் நோகாதீங்கோ.

எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், அது பலமான காந்தம் என்பதால் உடம்பில் ஷெல் துண்டு இருப்பதை முதலே சொல்லிவிடுங்கோ. எங்கள் பக்கத்தில் அது எத்தனை பேருக்கு இருக்கிறது!

தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும்போது றிப்போட்டின் போட்டோக்கொப்பியையும், சாப்பிடும் மற்றக் குளிசைகளின் அட்டைகளையும் கொண்டுபோங்கோ. மனச்சோர்வுக்குத் தரும் புளுஒக்செட்டின், பரோக்செட்டின் இரண்டும் தமொக்சிபெனின் வேலையைக் குறைக்கலாம். அதற்காக நீங்களாக நிறுத்தவும் கூடாது. தமொக்சிபென் எடுக்கையில் கர்ப்பம் தரிக்கக் கூடாது. வழக்கமில்லாத இரத்தப்போக்கோ, ஒரு கால் மட்டும் வீங்கி நோவதோ வந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.