வேலூர் வெயிலில் பத்து நிமிட மூச்சுத் தியானம்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு இரத்த அழுத்தம் கூடியிருப்பதைப் பார்த்த டாக்டர், மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "தினமும் கொஞ்ச நேரம் தியானம் பண்ணுங்க" என்றார். எப்படி என்று கேட்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நானாகவே உட்கார்ந்து பழகி, பிடிபடுவதற்கு மூன்று மாதம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பலனைச் சொல்லிவிடுகிறேன். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் என்பவர், தீராத வலியோடு வந்தவர்களுக்காக ஒரு தியானப் பயிற்சியைத் தொடங்கினார். 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், பதற்ற நோய் உள்ள 276 பேரில் ஒரு பகுதியினருக்கு அந்தப் பயிற்சியையும் மற்றவர்களுக்கு எஸ்சிடலோபிராம் மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். 8 வாரத்தில் பதற்றம் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது. இரத்த அழுத்தம் சிலருக்குக் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். என் மாத்திரையை நான் நிறுத்தவில்லை. நீங்களும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

உடம்பில் என்ன நடக்கிறது என்பதை இப்போதே தொட்டுப் பார்க்கலாம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விடுங்கள். உள்ளே இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வரும், வெளியே விடும்போது விலகும். வேகஸ் என்ற நரம்பு செய்யும் வேலை இது. நீண்ட மூச்சு விட்டால் படபடப்பு அடங்குவது இதனால்தான்.

சரி, உட்காரலாம். கோரைப்பாயை நான்காக மடித்து, அதன்மேல் இலவம்பஞ்சுத் தலையணையைப் போட்டு, அதன் விளிம்பில் சம்மணம் போடுங்கள். முட்டியைவிட இடுப்பு கொஞ்சம் உயர்ந்திருந்தால் முதுகு தானாக நிமிரும். ஃபோம் மெத்தை வேண்டாம், அமுங்கிவிடும். முட்டிவலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம், பலன் ஒன்றும் குறையாது. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு 10 நிமிட டைமர் வையுங்கள். தியான ஆப் எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காதருகே ஒரு குரல் பேசிக்கொண்டே இருந்தால் கவனம் அந்தக் குரலின் பின்னால்தான் போகும்.

அடுத்தது மூச்சைக் கவனிப்பது. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். "உள்ளே போகும் காற்று குளிர்ச்சியாக இருக்கும், வெளியே வருவது வெதுவெதுப்பாக இருக்கும், மூக்கு நுனியில் அந்த வித்தியாசத்தைக் கவனி" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் தொடங்கியதோ அக்னி நட்சத்திரத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால். வெளியே 41 டிகிரி. உடம்புச் சூடே 37 டிகிரிதான். உள்ளே போவதும் அனல், வருவதும் அனல், வித்தியாசம் எங்கிருந்து தெரியும்? தெரிய வேண்டுமே என்று மூச்சை இழுத்து இழுத்து விட்டு, தலை கிறுகிறுத்து எழுந்துவிட்டேன். பத்து நாள் இப்படியே போனது.

தீர்வு எளிது. உள்ளங்கையைத் தொப்புளுக்கு மேல் வையுங்கள். வயிறு எழும்பும், தாழும். அதை மட்டும் கவனியுங்கள். மூச்சை நீங்கள் ஓட்ட வேண்டாம், அது தானாக ஓடட்டும். முடிந்தால் நேரத்தையும் விடிகாலை ஐந்தரைக்கு மாற்றுங்கள். இரவெல்லாம் சூட்டைக் கக்கிய மொட்டை மாடித் தளம்கூட அப்போது காலுக்கு இதமாக இருக்கும்.

இனி மனம் ஓடும். சிலிண்டர் புக் பண்ணினோமா, ஆற்காட்டுச் சித்தப்பா வீட்டு விசேஷத்துக்கு என்ன செய்முறை வைப்பது என்று எங்கெங்கோ போகும். போனது தெரிந்ததும் மனதுக்குள் "நினைப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வயிற்றுக்குத் திரும்புங்கள். நாற்பது தடவை போனால் நாற்பது தடவை திரும்புங்கள். மனதைக் காலி செய்வதுதான் தியானம் என்று நினைத்து நான் இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். அப்படியில்லை. ஓடிவிட்டது என்று தெரிகிற அந்த நொடிதான் பயிற்சி. ஜிம்மில் எடையைத் தூக்குவது போல, ஒவ்வொரு திரும்பலும் ஒரு தூக்கு.

(ஒரு ஞாயிற்றுக்கிழமை வள்ளிமலைக்குப் போயிருந்தேன். அங்கே பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்கள் தியானத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நிமிர்ந்த முதுகு, தளர்ந்த தோள்கள். எப்படி உட்கார வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல படம் நான் பார்த்ததில்லை.)

பின்னர் சேர்த்தது: காட்பாடியில் தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருக்கும் ஒருவர், ரயில் ஹாரன் தொந்தரவைப் பற்றிக் கேட்டிருந்தார். காதை மூடாதீர்கள். ஹாரன் எழுவதையும் தேய்ந்து மறைவதையும் கேட்டுவிட்டு வயிற்றுக்குத் திரும்புங்கள். தூக்கம் வருகிறது என்றவர்கள் கண்ணைப் பாதி திறந்து வையுங்கள், அல்லது கோட்டைப் பக்கம் நடக்கும்போது பாதம் தரையில் படுவதைக் கவனித்து நடங்கள்.

இன்னொன்று முக்கியம். கண்ணை மூடியதும் பழைய அதிர்ச்சி ஏதாவது மேலெழுந்து நடுக்கம் வந்தால், உடனே கண்ணைத் திறந்து எழுந்துவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம். இது சிலருக்கு நடக்கும். மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் தொடங்கும் முன்பே தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, கூடவே ஒருவரை வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.