விளையாட்டுப் பொருள் கடை தன் சொந்த ஸ்கேட்போர்டு பிராண்டை உருவாக்குவது எப்படி

கால்பந்தையும் நீச்சல் கண்ணாடியையும் ஓட்டக் காலணியையும் சொந்தப் பெயரில் விற்றுப் பழகிய கடை நிறுவனம், ஸ்கேட்போர்டையும் அதே முறையில் விற்றுவிடலாம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ஸ்கேட்டர்கள் தங்கள் பலகையைச் செய்தவர் யார், அவருக்கும் இந்த விளையாட்டுக்கும் என்ன உறவு என்று விசாரித்து வாங்குபவர்கள். நைக்கி 1990களின் பிற்பகுதியில் இத்துறைக்குள் நுழைய முயன்றபோது அவர்கள் அதை ஏற்கவில்லை. 2002இல் ‘நைக்கி எஸ்பி’ என்ற தனிப் பிரிவைத் தொடங்கி, 1985ஆம் ஆண்டின் கூடைப்பந்துக் காலணியான ‘டங்க்’கின் நாக்குப் பகுதியைத் தடிமனாக்கி, அதிர்வைத் தாங்கும் உள்ளடியைச் சேர்த்து, தொடக்கத்தில் சிறிய ஸ்கேட் கடைகள் வழியாகவே விற்ற பிறகுதான் அந்த நிறுவனத்துக்கு இடம் கிடைத்தது. ஆகவே பெயரையும் சின்னத்தையும் விளம்பரத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வேலையைப் பலகையிலிருந்து தொடங்குங்கள்.

முதலில், ஏற்கெனவே கடையில் இருக்கும் பொம்மைப் பலகைகளை அகற்றிவிடுங்கள். திரும்பாத ட்ரக்கும் (பலகையின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் உலோக அச்சமைப்பு), உருள மறுக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரமும் கொண்ட அந்தப் பலகையில் ஏறிய சிறுவன், தனக்கு இந்த விளையாட்டு வராது என்று முடிவுசெய்துவிடுகிறான். குறை அவனிடம் இல்லை, பலகையில்தான் இருக்கிறது. என் கருத்தில், பெரிய கடை இத்துறைக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை, முதன்முறை வாங்குபவருக்கு எளிய விலையில் எல்லாப் பாகங்களும் பொருத்திய, உண்மையாகவே ஓடும் முழுப் பலகையைத் தருவதுதான். தேர்ந்தவர்களுக்கான டெக்குகளை, அதாவது கால் வைத்து நிற்கும் மரப்பலகைகளைப், பின்னர் செய்துகொள்ளலாம்.

டெக் என்பது பொதுவாக ஏழு மெல்லிய மேப்பிள் தகடுகளைப் பசையிட்டு அச்சில் அழுத்திச் செய்யப்படுவது. வழக்கமாக ஐந்து தகடுகளின் இழை நீளவாக்கிலும் இரண்டின் இழை குறுக்காகவும் அமையும். நீளவாக்கு இழை துள்ளலையும் விறைப்பையும் தர, குறுக்கிழை பலகை முறுக்கிக்கொள்ளாமலும் பிளவுபடாமலும் காக்கிறது. தொழிற்சாலையைத் தேர்ந்தெடுக்கும்போது விலைப்பட்டியலை மட்டும் பார்க்காமல், தகட்டு மரத்தின் ஈரப்பதத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள், ஒருமுறை அழுத்தும்போது எத்தனை டெக்குகளை அடுக்குகிறார்கள், அழுத்திய பலகையை வெட்டுவதற்கு முன் எவ்வளவு நாள் ஆறவிடுகிறார்கள் என்று நேரில் கேளுங்கள். பல டெக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தினால் மேலே உள்ளதன் வளைவும் கீழே உள்ளதன் வளைவும் சற்றே வேறுபடும். ஒரே மாதிரியை இரண்டாம் முறை வாங்குபவர் அந்த வேறுபாட்டைத் தன் பாதத்தால் உடனே அறிந்துகொள்வார்.

அளவுகளில், பெரியவர்களுக்கு 8 அங்குல அகலமும் 8.25 அங்குல அகலமும், சிறுவர்களுக்கு 7.5 அங்குலத்தை ஒட்டிய ஒன்றும் தொடக்கத்துக்குப் போதும். ட்ரக்கின் அச்சு அகலம் டெக்கின் அகலத்தோடு ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். தெருவிலும் ஸ்கேட் பூங்காவிலும் ஓட்டுவதற்கு 52 முதல் 54 மி.மீ. விட்டமும் 99ஏ அளவிலான கடினமும் (எண் கூடக் கூடச் சக்கரம் கெட்டி) கொண்ட பாலியூரித்தேன் சக்கரம் பொருந்தும். கரடுமுரடான சாலையில் பயணிக்க மட்டும் விரும்புவோருக்கு 78ஏ போன்ற மென்மையான சக்கரத்தைத் தனியாக வையுங்கள். பேரிங்கைப் பொறுத்தவரை எல்லாரும் பயன்படுத்துவது 608 என்ற அளவுதான்: 8 மி.மீ. உள்விட்டம், 22 மி.மீ. வெளிவிட்டம், 7 மி.மீ. அகலம். ஏபெக் எண்ணைப் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடும் பழக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். அந்த எண் தயாரிப்பின் துல்லியத்தைச் சொல்கிறதே தவிர, குதித்து இறங்கும்போது பக்கவாட்டில் விழும் அடியைத் தாங்கும் வலிமையைச் சொல்வதில்லை.

செலவைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால், ஓவியத்தை ஒரே வண்ணத்தில் அச்சிடுங்கள், பெட்டியை எளிமையாக்குங்கள்; ட்ரக்கில் மட்டும் கை வைக்காதீர்கள். நடு ஆணி முறிந்தாலோ, அச்சு தன் உறையிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்தாலோ, பழுதோடு காயமும் நேரும். புஷிங் என்னும் ரப்பர் போன்ற வளையம் சிறிய பொருளாகத் தோன்றினாலும் பலகை திரும்புவதே அதனால்தான். எடை குறைந்த சிறுவனுக்கு மென்மையான வளையமும் எடை கூடியவருக்குக் கெட்டியானதும் தேவைப்படுவதால், இரண்டையும் உதிரியாகக் கிடைக்கச் செய்யுங்கள்.

மாதிரிகள் வந்தவுடன் சோதனையை அலுவலக அறைக்குள் முடித்துவிடக் கூடாது. வெவ்வேறு எடையும் திறமையும் கொண்ட ஸ்கேட்டர்களுக்கு ஊதியம் கொடுத்து, சில வாரங்கள் ஓட்டச் சொல்லி, அடுக்குகள் பிரிந்த இடத்தையும் வால் எனப்படும் பின்முனை தேய்ந்த வேகத்தையும் குறித்து வாங்குங்கள். அவர்கள் ‘இது வேண்டாம்’ என்று சொன்ன வடிவம் எவ்வளவு செலவில் உருவானதாக இருந்தாலும் அதைக் கைவிடும் துணிவு நிர்வாகத்துக்கு வேண்டும். ஐரோப்பாவில் விற்பதாக இருந்தால் ஸ்கேட்போர்டுக்கு இஎன் 13613, தலைக்கவசத்துக்கு இஎன் 1078, முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்புகளுக்கு இஎன் 14120 ஆகிய தரநிலைகளின்படி ஆய்வு செய்யப்பட வேண்டும். அமெரிக்காவில் ஸ்கேட் தலைக்கவசத்துக்கு ஏஎஸ்டிஎம் எஃப்1492 என்ற தரநிலை உள்ளது.

பலகை தயாரான பிறகே பெயருக்கு வாருங்கள். டெகாத்லான் தன் சக்கர விளையாட்டுப் பொருள்களுக்கு ‘ஆக்ஸெலோ’ என்ற தனிப் பெயரை வைத்ததுபோல, கடையின் பெயரிலிருந்து வேறுபட்ட பெயரை வைப்பது நல்லது. ஆனால் உரிமையாளர் யார் என்பதை ஒருபோதும் மறைக்காதீர்கள். மறைத்தது பின்னர் தெரியவரும்போது ஏற்படும் கசப்பு, பெரிய கடை என்பதால் வரும் தயக்கத்தைவிட ஆழமானது. டெக்கின் ஓவியத்தை, அந்தப் பலகையை ஓட்டும் கூட்டத்தைச் சேர்ந்த ஓவியரிடமே உரிய தொகை கொடுத்து வாங்குங்கள். பிராண்டின் சார்பில் ஓட்டும் அணிக்கு ஆள் சேர்க்கும்போது, பலகையும் காலணியும் கொடுத்தாலே போதும் என்று நினைக்காமல், படத்தைப் பயன்படுத்தும் உரிமை, பயணச் செலவு, காயத்துக்கான சிகிச்சை, ஒருவர் பெயரில் டெக் வந்தால் ஒவ்வொரு விற்பனையிலும் அவருக்குரிய பங்கு ஆகியவற்றை எழுத்தில் உறுதிசெய்யுங்கள். பதினெட்டு வயது நிறையாதவராக இருந்தால் பெற்றோரும் அந்த உடன்படிக்கையில் கையொப்பமிட வேண்டும்.

கடைக்குள் ஸ்கேட் பகுதியில் நிற்பவர் ஸ்கேட் ஓட்டுபவராகவே இருக்கட்டும். டெக்கின்மேல் கால் வழுக்காமலிருக்க உதவும் சொரசொரப்பான கிரிப் டேப் ஒட்டி, ட்ரக்கைப் பூட்டி, வாங்குபவரை அதன்மேல் நிற்கவைத்து, புஷிங்கை அவருடைய எடைக்கேற்ப இறுக்கித் தருவதற்கு ஒரு மேசையும் சிறிது வெற்றிடமும் ஒதுக்குங்கள். அடுக்கு பிரிந்த டெக்கை மாற்றித் தருவோம், தவறாக இறங்கி நடுவில் உடைந்ததை மாற்ற மாட்டோம் என்ற விதியைத் தெளிவாக எழுதி அந்த மேசையருகிலேயே ஒட்டிவையுங்கள்.

முதல் தொகுதி விற்றுத் தீர்ந்தவுடன் அதே அச்சில் இரண்டாம் தொகுதிக்கு உத்தரவிட அவசரப்பட வேண்டாம். தேய்ந்த டெக்கைத் திருப்பித் தருபவருக்கு அடுத்த டெக்கில் விலைக்கழிவு கொடுத்து, பழையவற்றை ஓரிடத்தில் சேர்த்து, ட்ரக்கைப் பூட்டும் எந்தத் துளையருகே விரிசல் தொடங்கியது, எந்தப் பக்கம் முதலில் சிராய்த்தது என்று சோதனை செய்த அதே ஸ்கேட்டர்களோடு உட்கார்ந்து பாருங்கள். தொழிற்சாலைக்கு அனுப்பும் அடுத்த வரைபடத்தில் அந்தத் திருத்தங்கள் இருக்க வேண்டும்.