மூத்தது இரண்டரை வயது, இளையது ஒன்றரை மாதம்: தனியாளாகக் குளிப்பாட்டுவது எப்படி?

தாய்வீட்டில் இருந்தவரை பாட்டியோ, குளிப்பாட்ட வரும் அம்மாவோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். திரும்பி வந்த பிறகு காலை பதினொரு மணிக்கு வீட்டில் நீங்களும் இரண்டு பிள்ளைகளும்தான். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடமும் பெரியது எங்கே உட்காரும், கையில் என்ன வைத்திருக்கும் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

தொப்புள்கொடி விழுந்து, அந்த இடம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பொதுவாக 5 முதல் 15 நாளில் விழுந்துவிடும். அதுவரை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். பிறக்கும்போது எடை 2.5 கிலோவுக்குக் குறைவாக இருந்திருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். இன்னொன்று: தினமும் குளிப்பாட்டியே தீர வேண்டும் என்றில்லை. வாரத்துக்கு மூன்று நாள் போதும். பெரியது அடம்பிடிக்கிறதா, உங்களுக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லையா, அன்றைக்கு முகம், கழுத்து, இடுப்புக்குக் கீழே துடைத்துவிட்டு விட்டுவிடுங்கள்.

1. இடம்

கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது அருமையான முறைதான். ஆனால் பக்கத்தில் தண்ணீர் எடுத்துத் தர ஆள் வேண்டும். காலில் குழந்தை கிடக்கும்போது பெரியது வழுக்கி விழுந்தால் உங்களால் எழுந்திருக்கக்கூட முடியாது. தனியாளுக்கு டப் தான் சரி. அடியில் தண்ணீர் வெளியேற அடைப்பான் உள்ள டப்பாகப் பார்த்து வாங்குங்கள். ஏன் என்று பின்னால் தெரியும்.

டப்பைக் குளியலறைக்குள், வாசற்படியை ஒட்டி வையுங்கள். நீங்கள் வெளியே, காய்ந்த தரையில், மணைப்பலகை போட்டு உட்காருங்கள். உங்கள் வலப்பக்கம் பெரியதுக்கு ஒரு சின்ன ஸ்டூல். இடப்பக்கம் பாய் விரித்து, அதன்மேல் துண்டு, சட்டை, துணி நாப்கின் எல்லாம் போடும் வரிசைப்படி. எதற்காகவும் எழுந்து போகும்படி இருக்கக் கூடாது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

2. நேரம்

இளையது பால் குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். உடனே குளிப்பாட்டினால் கக்கிவிடும். பெரியது சாப்பிட்டு, ஒன்றுக்குப் போய்விட்டு வந்திருக்க வேண்டும். பாதியில் "அம்மா, மூச்சா" என்று வந்து நிற்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கிற தொல்லை.

3. எண்ணெய்

குளியலுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு, படுக்கையிலோ பாயிலோ வைத்து, ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் மட்டும். மூக்கு, காது, வாய், தொப்புள் எதிலும் விடாதீர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். தேய்த்து முடித்ததும் உங்கள் உள்ளங்கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குழந்தையின் தோளையும் அக்குளையும் ஒரு துணியால் ஒற்றி எடுங்கள். நீங்கள் பிடிக்கப்போகும் இடம் அதுதான். எண்ணெயோடு இருந்தால் கை நழுவும்.

4. தண்ணீர்

இளையது தொட்டிலில் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். முதலில் பச்சைத்தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர். வெந்நீரை முதலில் ஊற்றிவிட்டுக் குழாய்ப்பக்கம் திரும்பும் அந்த நொடியில்தான் பெரியது கையை விடும்.

ஒரு லிட்டர் குவளையால் 12 குவளை குழாய்த் தண்ணீர், 2 குவளை கொதித்த தண்ணீர். குழாய்த் தண்ணீர் சுமார் 28 டிகிரி இருந்தால் கலவை 37, 38 டிகிரிக்கு வரும். ஏப்ரல், மே மாத மதியத்தில் இந்தக் கணக்கு செல்லாது. மாடித்தொட்டித் தண்ணீரே அந்தச் சூட்டில் வரும். கையால் நன்றாகக் கலக்கிவிட்டு முழங்கையை விட்டுப் பாருங்கள். சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. ஆழம் நான்கு விரற்கடை போதும்.

5. பெரியதுக்கு வேலை

"தொடாதே, போய் விளையாடு" என்றால் அது எங்கும் போகாது. வேலை கொடுங்கள். ஒரு சின்ன டம்ளரில் கால்வாசித் தண்ணீர் கொடுத்து, "பாப்பா காலில் மட்டும் ஊத்து" என்று சொல்லுங்கள். ஸ்டூல் உங்கள் வலப்பக்கம், டப்பின் கால் பக்கமாக இருப்பதால் அதன் கை முகம் வரை எட்டாது. டம்ளர் காலியானதும் மறுபடி நீங்கள்தான் நிரப்புவீர்கள், அதுவாக மொண்டுகொள்ளக் கூடாது என்பதை முதல் நாளே பழக்கிவிடுங்கள். எப்படியும் மூன்றாவது டம்ளரில் அலுத்துவிடும். அப்போது துண்டை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டதும் நீட்டும் வேலை.

6. குளியல்

உங்கள் இடது முன்கை குழந்தையின் பிடரிக்கு அடியில். அதே கை சுற்றிப் போய் அந்தப்பக்கத்துத் தோளைப் பிடித்திருக்க வேண்டும்: கட்டைவிரல் தோளுக்கு மேலே, மற்ற நான்கும் அக்குளில். கடைசிவரை இந்தப் பிடி விடக்கூடாது. பாதத்தை முதலில் தண்ணீரில் வையுங்கள், பிறகு இடுப்பு, பிறகு முதுகு. வீரிட்டு அழுதால் பெரும்பாலும் குளிர்தான் காரணம். மெல்லிய துணி ஒன்றை நனைத்து மார்பில் போட்டால் அடங்கும்.

முகத்துக்கு வெறும் தண்ணீர். கண்ணை நனைத்த பஞ்சால் மூக்குப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள், ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. பிறகு தலை, கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு. கழுத்து மடிப்பில் பால் வழிந்து புளித்துக் கிடக்கும், தாடையை லேசாக உயர்த்திப் பாருங்கள். சோப்பு கடைசியில், கொஞ்சமாக. பயத்தம்மாவு இப்போது வேண்டாம். மெல்லிய தோலில் உராயும், மடிப்பிலும் தங்கும். பெண் குழந்தைக்கு முன்னாலிருந்து பின்னால் துடையுங்கள். ஆண் குழந்தைக்கு முன்தோலை இழுக்கக் கூடாது. மூக்கில் ஊதுவது, குழந்தையின் மார்பை அழுத்திப் பால் எடுப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம்; கிருமி சேர்ந்து சீழ் வைத்துவிடும்.

இதற்கிடையே அழைப்பு மணி அடித்தாலோ பெரியது ஓடினாலோ, குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டே போங்கள். டப்பில் விட்டுவிட்டு எழுந்திருக்கவே கூடாது.

7. தூக்கியதும்

குழந்தையைத் துண்டில் வாங்கிய கையோடு அடைப்பானைப் பிடுங்கிவிடுங்கள். தலைகுப்புற விழுந்த சின்னக் குழந்தை மூழ்க நான்கு விரற்கடைத் தண்ணீர் தாராளம், நீங்களோ நாப்கின் கட்டிக்கொண்டிருப்பீர்கள். பக்கத்தில் உள்ள வாளியிலும் தண்ணீர் மிச்சம் வைக்காதீர்கள்.

தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மடிப்புகளில் ஈரம் நின்றால் இரண்டே நாளில் சிவந்து புண்ணாகும். பவுடர் தூள் மூச்சில் போகும், மையில் ஈயம் இருக்கலாம், இரண்டும் தேவையில்லை. சாம்பிராணி போட்டே ஆகவேண்டும் என்று மாமியார் சொன்னால் பூஜையறையோடு முடித்துக்கொள்ளுங்கள். புகை குழந்தைக்கு ஆகாது. கங்கு இருக்கும் தட்டும் ஓடித் திரியும் இரண்டரை வயதும் ஒரே அறையில் இருப்பது அதைவிட ஆகாது.

8. அடுத்து பெரியது

குளித்த பிள்ளைக்குப் பசிக்கும். பால் கொடுத்தால் பெரும்பாலும் தூங்கிவிடும். மல்லாக்கப் படுக்க வையுங்கள். பெரியதின் குளியலை இதற்குப் பிறகு வைத்துக்கொள்வதே நல்லது. அப்போது உங்கள் இரண்டு கையும் அதற்கு மட்டும்தான், மூன்று டம்ளரோடு நிறுத்தியதை ஆசைதீர ஊற்றி விளையாடட்டும். குளியலறையின் உள்தாழ்ப்பாள் அதன் கைக்கு எட்டினால் கழற்றி உயரத்தில் மாட்டிவிடுங்கள். உங்களை வெளியே வைத்துப் பூட்டிக்கொள்ளும் வயது அது.