மாலத்தீவு ரிசார்ட்: முன்பணம் கட்டுவதற்கு முன் நாங்கள் கேட்கத் தவறியவை

கல்யாணமாகிப் பத்து வருடம் ஆனதைக் கொண்டாட மூன்று வருடம் சேர்த்து வைத்த பணத்தில், ஒரு ஜூலை மாதம் நானும் மனைவியும் மாலத்தீவுக்குப் போனோம். நான்கு இரவு. தண்ணீருக்கு மேல் கட்டிய வில்லா, அதிலும் சூரியன் மறைவதைப் பார்க்கிற பக்கம், அதற்கென்று தனியாகக் கூடுதல் கட்டணம். உள்ளே போய் டெக்கின் கண்ணாடிக் கதவைத் திறந்தேன், காற்று கதவை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. டெக்கிலிருந்து கடலுக்குள் இறங்குகிற ஏணிக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கயிறு, அதில் இறங்கக் கூடாது என்று ஒரு பலகை. கிளம்புகிற வரை அந்தக் கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை.

கோவாவிலோ மாமல்லபுரத்திலோ ரூம் சரியில்லை என்றால் வெளியே நடந்து போய் வேறு கடற்கரை, வேறு ஹோட்டல், வேறு சாப்பாடு பார்த்துக்கொள்ளலாம். மாலத்தீவில் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதுதான் வழக்கம். தப்பான தேர்வு என்றால் அதோடுதான் நான்கு நாளும் இருக்க வேண்டும். அதனால் கேட்க வேண்டிய எல்லாவற்றையும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும், அங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம்.

பெரிய தவறு, படத்தைப் பார்த்து அறையைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஊரில் வருடத்துக்கு இரண்டு காற்று. ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அங்கே பேசுகிற திவேஹி மொழியில் ஹுல்ஹங்கு என்கிறார்கள். டிசம்பர், ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை வடகிழக்கிலிருந்து வருவது இருவை. தீவுகள் கடல் மட்டத்துக்கு ஒன்று, இரண்டு மீட்டர்தான் உயரம் என்பதால் காற்றைத் தடுக்க ஒரு மேடுகூடக் கிடையாது. சூரியன் மறைகிற பக்கம் என்றால் மேற்கு, ஜூலையில் காற்றும் அலையும் நேராக வந்து அடிப்பதும் அதே மேற்கில்தான். பிப்ரவரியில் அதே வில்லாவின் கீழே தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும், விளம்பரப் படங்கள் அப்படிப்பட்ட நாளில் எடுத்தவை. பவளப்பாறை கரையிலிருந்து தள்ளி இருந்தால் அலை அங்கேயே உடைந்துவிடும் என்பதால் தீவுக்குத் தீவு இது மாறும். ஆகவே ரிசார்ட்டுக்கு எழுதி, நாங்கள் வருகிற மாதத்தில் எந்தப் பக்கம் அமைதியாக இருக்கும், ஏணியில் இறங்கி நீந்த முடியுமா என்று நேராகவே கேளுங்கள். கடற்கரை வில்லா எடுப்பவர்களும் இதைக் கேட்கத்தான் வேண்டும், ஏனென்றால் காற்று மாறும்போது மணலும் தீவின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகரும், சில மாதங்களில் வாசலில் மணலுக்குப் பதில் மண்மூட்டைகள் வரிசையாகக் கிடக்கும். போய் வந்தவர்கள் போட்ட படங்களில் நீங்கள் போகிற மாதத்தில் எடுத்ததை மட்டும் தேடிப் பாருங்கள்.

அடுத்தது விமான நேரம். தலைநகர் மாலேயின் விமான நிலையத்திலிருந்து தூரத்துத் தீவுகளுக்குப் பெரும்பாலும் சீப்ளேனில், அதாவது தண்ணீரில் இறங்குகிற சின்ன விமானத்தில்தான் போக வேண்டியிருக்கும், அது பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். நாங்கள் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்த விமானம் இறங்கும்போது மணி ஐந்து. அன்றைக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஹுல்ஹுமாலேயில் ஒரு சாதாரண லாட்ஜில் படுத்தோம், ரிசார்ட்டில் அந்த இரவுக்கும் பணம் பிடித்துக்கொண்டார்கள். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததைப் போல எத்தனையோ மடங்கு அந்த ஒரு இரவில் போனது. சாயங்காலம் இறங்குகிற விமானம்தான் கிடைக்கிறது என்றால் ஸ்பீட்போட்டில் போகக்கூடிய வடக்கு மாலே, தெற்கு மாலே என்கிற தீவுக் கூட்டங்களில் உள்ள ரிசார்ட்டாகப் பாருங்கள். சீப்ளேனுக்கு ஒரு ஆளுக்குப் போக வர சில நூறு டாலர் ஆகும், அறை வாடகையில் அது சேர்ந்திருக்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

சரி, பில். மெனு கார்டில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அதன் மேல் 10 சதவீத சர்வீஸ் சார்ஜும், அப்புறம் அந்த மொத்தத்தின் மேல் சுற்றுலா ஜிஎஸ்டியும் ஏறும். 2025 ஜூலை முதல் அந்த வரி 17 சதவீதம். 100 டாலர் என்று போட்டது 128 டாலர் 70 சென்ட்டாக வந்து நிற்கும். இது போக ரிசார்ட்டுகளில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர் பசுமை வரி, 2025 ஜனவரிக்கு முன் அது 6 டாலராக இருந்தது. இரண்டு பேர், நான்கு இரவு என்றால் அதுவே 96 டாலர். நாங்கள் காலை, இரவுச் சாப்பாடு மட்டும் சேர்ந்த பேக்கேஜை எடுத்துவிட்டு மதியத்துக்கு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். பார்த்துக்கொள்ள அங்கே கடை எதுவும் கிடையாது. மூன்றாம் நாள் மதியம் மனைவி பையிலிருந்து முறுக்கையும் ஊரிலிருந்து கொண்டுவந்த தட்டையையும் எடுத்து வைத்தாள், அலையைப் பார்த்துக்கொண்டே அதைச் சாப்பிட்டோம். மூன்று வேளைச் சாப்பாடும் சேர்ந்ததை எடுங்கள், குடிதண்ணீர் அதில் அடங்குமா என்பதையும் கேளுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மீன், பவளம் பார்க்கப் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கடல் சூடாகி 1998இலும் 2016இலும் அங்கே பவளங்கள் பெரிய அளவில் வெளுத்துப் போயின. சில இடங்களில் நன்றாக மீண்டிருக்கின்றன, சில இடங்களில் கீழே சாம்பல் நிறத்தில் உடைந்த குச்சிகள்தான் கிடக்கின்றன. கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பார்க்கிற பவளப்பாறை இப்போது எப்படி இருக்கிறது என்று ரிசார்ட்டின் டைவிங் ஆட்களிடம் கேட்டால் பெரும்பாலும் உள்ளதைச் சொல்வார்கள்.

கடைசியாக, நான் இன்னும் வருத்தப்படுகிற தவறு. குறை சொன்னால் கொண்டாட்டம் கெட்டுவிடுமோ என்று நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். கிளம்புகிற அன்று காலை கணக்கு முடிக்கும்போதுதான் மனைவி அந்த ஏணியைப் பற்றிச் சொன்னாள். முன்மேசையில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, கிழக்குப் பக்கம் மூன்று வில்லா வாரம் முழுக்கக் காலியாகத்தான் இருந்தது, வந்த அன்றே சொல்லியிருந்தால் மாற்றியிருப்போமே என்றாள். எல்லா ரிசார்ட்டும் அப்படி மாற்றித் தரும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் குறை இருந்தால் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, அறையை ஒரு வீடியோ எடுத்து, மேலாளருக்கு எழுத்தில் அனுப்பி, வேறு அறை வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். சீப்ளேன் வர அரை மணி நேரம் இருந்தது. இருவரும் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுக் கிழக்குப் பக்கம் நடந்து போய்ப் பார்த்தோம், தண்ணீர் அசையாமல் கிடந்தது, கீழே சின்னச் சின்ன மீன்கள் தெரிந்தன.