சாவைப் பற்றிப் பேச ஒரு மாலைப்பொழுது: கூட்டம் நடத்த விரும்புவோருக்கு

நம் ஊர்களில் ஒருவர் கண்ணை மூடிவிட்டால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீர்மாலைக்கு யார் போவது, பிறந்த வீட்டுக் கோடியை யார் கொண்டுவருவது, கொள்ளிக்குடம் யார் தூக்குவது, பால் தெளிப்பது என்றைக்கு, பதினாறாம் நாளுக்கு யாருக்கெல்லாம் சொல்லிவிடுவது என்று எல்லாமே ஊருக்குத் தெரியும். ஆனால் அதே மனிதர் ஆறு மாதம் படுக்கையில் கிடந்தபோது, அவருக்கு என்ன வேண்டும், அவர் எதற்குப் பயப்படுகிறார், கடைசி நாட்களில் எங்கே இருக்க ஆசைப்படுகிறார் என்று அவரிடமே கேட்டவர்கள் அநேகமாக இருக்கமாட்டார்கள். அவராகப் பேச்செடுத்திருந்தாலும், "அச்சானியமாப் பேசாதீங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று வாயை அடைத்திருப்போம். கடைசியில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மருத்துவர் வந்து, "வெண்டிலேட்டர் வைக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்கும்போது பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சாவுக்குப் பிந்தைய பேச்சு நம்மிடம் நிறையவே இருக்கிறது. சாவுக்கு முந்தைய பேச்சுதான் இல்லை. அதற்கென்று ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, பத்துப் பேரை ஒன்றாக உட்காரவைப்பது எப்படி என்பதை, சில ஆண்டுகளாக அதைச் செய்துவரும் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த ஏற்பாடு அல்ல. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சமூகவியலாளர் பெர்னார் கிரெத்தாஸ் 2004-இல் நூஷாத்தெல் நகரில் 'கஃபே மொர்தெல்' என்ற பெயரில் சாவைப் பற்றி மனம்விட்டுப் பேசும் முதல் கூட்டத்தை நடத்தினார். அதைப் பற்றிப் படித்துத் தூண்டுதல் பெற்ற ஜான் அண்டர்வுட், 2011 செப்டம்பரில் லண்டனின் ஹாக்னி பகுதியில் தம் வீட்டிலேயே முதல் 'டெத் கஃபே'யைக் கூட்டினார். அன்று பேச்சை வழிநடத்தியவர் உளசிகிச்சையாளரான அவருடைய தாயார் சூ பார்ஸ்கி ரீட். இருவரும் சேர்ந்து, யார் வேண்டுமானாலும் எடுத்து நடத்தும்படியாகச் சில விதிகளை 2012-இல் எழுதி வெளியிட்டார்கள். அண்டர்வுட் 2017 ஜூனில், கண்டறியப்படாமலிருந்த இரத்தப் புற்றுநோயால் திடீரென்று இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 44. அவர் குடும்பத்தார் அந்தப் பணியைத் தொடர்கிறார்கள்.

அவர்கள் வகுத்த விதிகளில் நான் உயிராக மதிப்பது ஒன்று உண்டு. வந்தவர்களை எந்த முடிவுக்கும், எந்தப் பொருளை வாங்குவதற்கும், எந்தச் செயலில் இறங்குவதற்கும் இட்டுச்செல்லும் நோக்கம் இருக்கக் கூடாது என்பதே அது. இலாபம் கூடாது, பேசியது வெளியே போகக் கூடாது, மரியாதை குறையக் கூடாது, குடிக்கவும் தின்னவும் ஏதேனும் இருக்க வேண்டும் என்ற மற்றவை எல்லாம் இந்த ஒன்றுக்குத் துணையாக நிற்பவை. 'டெத் கஃபே' என்ற பெயரை வைத்துக்கொள்வதானால் இவ்விதிகள் அனைத்தையும் அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். வேறு பெயரில் நடத்தினாலும் மேற்சொன்ன முதல் விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இடமும் நாளும்

வீட்டில் நடத்தலாம், ஆனால் பொது இடம் நல்லது. அதற்கு நம் ஊருக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது. அண்மையில் துக்கம் நடந்த வீட்டார், தீட்டுக் கழியும்வரை அடுத்தவர் வீட்டுப் படியேறத் தயங்குவார்கள். அந்த வழக்கத்தில் நமக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பொருட்டல்ல. நூலகத்தின் வாசிப்பறையோ, விடுமுறை நாளில் பள்ளி வகுப்பறையோ, மரத்தடியோ கிடைத்தால் அவர்களுக்கும் சங்கடமில்லை, வீட்டுக்காரருக்கும் சங்கடமில்லை. மருத்துவமனைக் கட்டடம் மட்டும் வேண்டாம். அந்த வாசனை எழுந்தாலே பாதிப் பேருக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

"சனிப் பிணம் தனிப் போகாது" என்று கேட்டு வளர்ந்த பெரியவர்களைச் சனிக்கிழமை இந்தப் பேச்சுக்கு அழைத்தால் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். ஆகவே சனிக்கிழமையையும் அமாவாசையையும் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கிலிருந்து ஆறு மணிவரை வைத்துக்கொள்வதே எனக்கு ஒத்துவந்திருக்கிறது. இரண்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் நீட்டினால் கேட்பவர்களின் முகம் வாடிவிடும்.

எட்டு முதல் பன்னிரண்டு பேர் சரியான அளவு. கூடுதலாக வந்தால் ஐந்தைந்து பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். முழங்கால் மடக்க முடியாதவர்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய் என்று போட்டால், மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் பேசுவதுபோல் ஆகிவிடும். எல்லோருக்கும் நாற்காலி கிடைக்கவில்லையென்றால், நடத்துபவரும் அவரோடு இன்னும் இருவரும் பாயில் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி வட்டமாக அமர்வது அவசியம்.

தேநீரும் சுண்டலும் வைப்பது உபசாரத்துக்காக மட்டும் அல்ல. சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பது நம் மனதில் ஊறியிருக்கும் பழக்கம். கொதிக்கும் தேநீரின் மணம், நாம் இழவு வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை என்பதை உடம்புக்குச் சொல்லிவிடுகிறது. பேச முடியாத நேரத்தில் கைக்கு ஒரு வேலையாகவும் டம்ளர் உதவுகிறது.

அழைப்பில் என்ன எழுதுவது

என்ன நடக்கும் என்பதைவிட, என்ன நடக்காது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். சொற்பொழிவு இல்லை, மதப் பிரசாரம் இல்லை, காப்பீடு விற்பவர்களுக்கு இடமில்லை, இது மனநல ஆலோசனையும் அல்ல என்று நான்கு வரியில் சொல்லிவிட்டால் வரவேண்டியவர்கள் வருவார்கள். எந்தச் சொல்லைப் போடுவது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 'மரணம்' என்று எழுதினால் பத்திரிகைத் தலைப்புப்போல எட்டி நிற்கிறது. 'சாவு' என்று எழுதினால் சிலருக்குத் திடுக்கென்கிறது. நான் 'சாவு' என்றே எழுதுகிறேன். கூட்டத்துக்குள் வந்தபிறகு அவரவர் சொல்லை அவரவர் வைத்துக்கொள்ளட்டும். ஒருவர் 'காலமானார்' என்பார், ஒருவர் 'சிவபதவி அடைந்தார்' என்பார், ஒருவர் 'மௌத்தாயிட்டாங்க' என்பார், ஒருவர் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்பார். அந்தச் சொல்லோடு அவர் வளர்ந்த வீடே சேர்ந்து வருகிறது. அதைத் திருத்தவும் வேண்டாம், பொதுச் சொல்லாக மாற்றவும் வேண்டாம்.

வருவதாகச் சொல்பவர்களிடம் முன்னதாகத் தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசிவிடுங்கள். துக்கம் நடந்து சில வாரங்களே ஆனவர்களுக்கு இந்தக் கூட்டம் தாங்காமல் போகலாம்; வரக்கூடாது என்று சொல்லாமல், இங்கே பேச்சு எப்படியெல்லாம் போகும் என்பதை விளக்கி, முடிவை அவர்களிடமே விடுங்கள். உயிரை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணத்தில் ஒருவர் இருப்பதாகத் தோன்றினால், அவருக்குக் கூட்டம் பதிலாகாது. தமிழ்நாட்டின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் சேவையான 14416 ஆகிய எண்களைக் கையில் வைத்திருங்கள். எண்ணைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல், அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.

பேச்சைத் தொடங்குவது

தொடக்கத்தில் நான் நான்கே செய்திகள் சொல்வேன். இங்கே கேட்டதை வெளியே யார் பெயரோடும் சொல்லக் கூடாது. கைப்பேசியில் பதிவும் படமும் கிடையாது. பேச விருப்பமில்லாதவர் கடைசிவரை பேசாமலே இருக்கலாம். ஒருவர் பேசி முடித்ததும் அவருக்கு யாரும் வழி சொல்லக் கூடாது. முதல் மூன்றையும் எல்லோரும் எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள். நான்காவதுதான் நமக்கு மிகக் கடினம். அன்பு வைத்தவருக்கு ஆறுதல் சொல்லாமல் இருப்பது குற்றம் என்று பழகிவந்தவர்கள் நாம்.

முதல் கூட்டங்களில் "சாவைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுத் தொடங்கினேன். ஆன்மா அழிவதில்லை என்று ஒருவரும், எல்லாம் மாயை என்று இன்னொருவரும் மாறிமாறிச் சொற்பொழிவாற்ற, ஒரு மணி நேரம் வீணாகப் போயிற்று. இப்போது கேட்பது ஒரே கேள்வி: "நீங்கள் முதன்முதலில் பார்த்த சாவு யாருடையது?" இதற்குத் தத்துவத்தால் பதில் சொல்ல முடியாது. கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்த தாத்தாவைப் பற்றி, தலைமாட்டில் எரிந்த விளக்கைப் பற்றி, எதையும் சொல்லாமல் தன்னை மட்டும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டதைப் பற்றிப் பேச்சு எழும். அங்கிருந்து, கடைசி நேரத்தில் யார் பக்கத்தில் இருக்க வேண்டும், வீட்டிலா மருத்துவமனையிலா என்ற கேள்விகளுக்குத் தானாகவே போய்ச் சேரும்.

வழி சொல்லக் கூடாது என்று நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஒரு மாலையைச் சொல்ல வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் வந்திருந்தார். ஒரு மணி நேரம் எதுவும் பேசாமல், முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு திடீரென்று, "எங்கூடப் பொறந்தவங்க மூணு பேரும் போயிட்டாங்க. எனக்குக் கோடி யார் கொண்டு வருவாங்க?" என்றார். அறையில் ஒருவரும் அசையவில்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாமல், பக்கத்திலிருந்தவர் நல்ல மனதோடு, "அண்ணன் மகன் இருக்காரே அம்மா, அவர் போடுவார்" என்றார். அந்த அம்மா, "ஆமா, அவன் போடுவான்" என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் முந்தானையைச் சுற்றத் தொடங்கினார். அவ்வளவுதான். கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அவர் சொல்லவந்தது வராமலே போய்விட்டது. நான் பத்து எண்ணும்வரை எல்லோரையும் பொறுத்திருக்கச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: ஒருவர் பேசி நிறுத்தினால், மனதுக்குள் பத்து எண்ணுங்கள்.

அழுகை வந்தால் தடுக்காதீர்கள். கைக்குட்டையைப் பாய்ந்து நீட்டுவதுகூட "போதும், நிறுத்து" என்று சொல்வதுபோல ஆகிவிடும். தண்ணீரைக் கை எட்டும் தூரத்தில் வைத்தால் போதும். ஒருவரே பேசிக்கொண்டு போனால், "இன்னும் பேசாதவர்களையும் கேட்போம்" என்று நேராகவே சொல்லிவிடலாம்.

கோபமும் வரும். பூவையும் பொட்டையும் பறித்த நாளைப் பற்றி ஒரு பெண் பேசுவார். தங்கள் தெருவுக்குச் சுடுகாட்டுக்குப் போகச் சரியான பாதை இல்லாமல், வயலில் சேற்றுக்குள் பாடையைத் தூக்கிக்கொண்டு நடந்ததை ஒருவர் சொல்வார். "இங்கே சாதியைப் பேச வேண்டாமே" என்று யாரேனும் குறுக்கிட்டால் நீங்கள் அவரை நிறுத்துங்கள், பேசியவரை அல்ல. சுமந்தவருக்கு அந்தச் சாவின் முழு நினைவும் அந்தச் சேறுதான். அதை விட்டுவிட்டு அவர் வேறு எதைப் பேச முடியும்?

சட்டம் கேட்டால்

எந்தக் கூட்டத்திலும் ஒருவராவது, குழாய் செருகி இழுத்துப்பிடித்து வைத்திருப்பதை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க முடியுமா என்று கேட்பார். முடியும். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அளித்த தீர்ப்பில் இத்தகைய முன்விருப்ப ஆவணத்துக்கு அனுமதி தந்தது. நீதித்துறை நடுவரின் மேலொப்பம் வேண்டும் என்றிருந்த கடினமான நடைமுறையை 2023 ஜனவரியில் தளர்த்தி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும் என்று ஆக்கியது. மீள வழியில்லாத நிலையில், உயிரை நீட்டிக்கும் சிகிச்சையைத் தொடங்காமலிருப்பதும் நிறுத்துவதும் மட்டுமே இதில் அடங்கும். ஊசி போட்டு உயிரை முடிப்பதற்கு இந்தியச் சட்டத்தில் இடமில்லை. ஆவணம் இருந்தாலும், மருத்துவர் குழுக்கள் இரண்டு ஆராய்ந்து ஒப்ப வேண்டும். அதேபோல, உறுப்புத் தானத்துக்குப் பெயர் கொடுத்து அட்டை வாங்கி வைத்திருந்தாலும், அந்த நேரத்தில் குடும்பத்தாரின் ஒப்புதலைக் கேட்டே எடுக்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டால் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

இவற்றைக் கூட்டத்தின் நடுவில் விளக்கத் தொடங்கினால், பேச்சு வகுப்பாக மாறிவிடும். ஒரு பக்கத்தில் அச்சடித்துத் தேநீர் வைத்திருக்கும் மேசை ஓரத்தில் வையுங்கள். எடுப்பவர் எடுக்கட்டும், யார் கையிலும் திணிக்காதீர்கள்.

முடிப்பது

ஆறு மணிக்கு முடியும் என்று சொன்னால் ஆறு மணிக்கு முடியுங்கள். ஐந்தே முக்காலுக்கே, கனமான பேச்சிலிருந்து மெல்ல மீளும்படி இரண்டாம் முறை தேநீர் கொடுங்கள். யாரும் எதையும் தொகுத்துச் சொல்ல வேண்டாம். துக்க வீட்டிலிருந்து புறப்படும்போது நாம் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் சிலர் ஓசைப்படாமல் எழுந்துபோய்விடுவார்கள். ஆகவே வாசலில் நின்று ஒவ்வொருவரையும் "போயிட்டு வாங்க" என்று வழியனுப்புங்கள். அவர்கள் "போயிட்டு வர்றேன்" என்று சொல்வதைக் கேட்டு அனுப்புங்கள்.

டம்ளர்களைக் கழுவவும் பாயைச் சுருட்டவும் அவசரப்படாதீர்கள். வாசல் விளக்கு எரியட்டும். கோடியைப் பற்றிக் கேட்ட அந்த அம்மா அன்று கடைசியாகத்தான் எழுந்தார். ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, மறு காலைப் படியிலேயே வைத்தபடி நின்று சொன்னார்: "அவன் கொண்டு வருவான், அது எனக்குத் தெரியும். எங்க பெரியண்ணன் போனப்ப நான் போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. மொகத்தைப் பாக்கலை." பிறகு அரை மணி நேரம் அண்ணனைப் பற்றிப் பேசினார். அந்த அரை மணி நேரத்துக்கும் சேர்த்தே அறையின் சாவியை வாங்கி வையுங்கள்.